வெயில் காலமும் இரத்த அழுத்தமும்

(சபையின் முதியோர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



கத்திரி வெயில் காலத்தில் எங்கள் வெளிநோயாளர் பகுதிக்கு இரண்டு விதமானவர்கள் வருகிறார்கள். ஒருவர் தலைசுற்றி விழுந்து, நெற்றியில் அடிபட்டு, பிள்ளைகள் தாங்கிப் பிடிக்க வருகிறார். மற்றவர் முகமலர்ச்சியோடு வருகிறார். "ஐயா, பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்கிறார். முதலாமவருக்கு உடனே படுக்கை கிடைத்துவிடுகிறது. இரண்டாமவரைக் குறித்தே எங்களுக்கு அதிகக் கவலை. இந்த இருவருக்கும் நேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வதை நாங்கள் அருகிலிருந்து கேட்டிருக்கிறோம். அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வெயிலில் நம் உடல் தன் சூட்டைத் தணிக்க இரண்டு காரியங்களைச் செய்கிறது. தோலுக்கு அடியிலுள்ள சிறு இரத்தக் குழாய்களை விரிக்கிறது. வியர்வையாக நீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது. குழாய் அகன்று, அதில் ஓடும் நீரும் குறைந்தால் அழுத்தம் தானாக இறங்கும். ஆகவே கோடையில் இரத்த அழுத்தம் சற்றே குறைவதும், குளிர் மாதங்களில் ஏறுவதும் பலருக்கு இயல்பு. மே மாதத்தில் நல்ல அளவு வந்தால், அதில் மாத்திரைக்கும் பங்குண்டு, வெயிலுக்கும் பங்குண்டு.

இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று, நாம் "நீர் மாத்திரை" என்று சொல்வது. அது உடலிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுகிறது. வெயிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சேரும்போது வயதானவர்களுக்கு அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். அட்டெனலால் போன்ற மாத்திரைகள் இருதயத் துடிப்பை மெதுவாக்குகின்றன. டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்றவற்றை உட்கொள்ளுகிறவர்களுக்கு உடல் வறண்டுபோனால் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். மாத்திரை கெட்டது என்று இதற்கு அர்த்தமல்ல. கோடையில் அளவைச் சரிபார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

படுக்கையிலிருந்து எழும்போதும், ஜெபத்தில் நெடுநேரம் முழங்காலில் இருந்து சட்டென்று எழும்போதும் கண் இருட்டுகிறதா? டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் ஒரு தரமும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறு தரமும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், மருந்தின் அளவை டாக்டர் யோசித்து மாற்றுவார்.

இனி அந்த இரண்டாமவரிடம் வருவோம். மே மாதத்தில் மாத்திரையை நிறுத்தியவருக்கு ஜூன் மாதத்தில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழை வரும், மார்கழிக் குளிர் வரும், அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். வலி இராது, காய்ச்சல் இராது. ஒருநாள் காலையில் ஒரு பக்கக் கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறிய நிலையில் தூக்கி வருவார்கள். "ஜெபித்தேன், சுகமானேன், ஆகையால் நிறுத்தினேன்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. நல்ல அளவு வந்ததற்காக ஸ்தோத்திரம் செலுத்துங்கள், அது தகுதியே. ஆனால் கத்திரி வெயிலில் எடுத்த அளவைக் கொண்டு மாத்திரையைத் தூக்கி எறிவதை விசுவாசம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். குறைக்க வேண்டுமானால் டாக்டர் குறைக்கட்டும். மழைக்காலத்தில் அவரே மறுபடி பார்த்துக் கூட்டுவார்.

அளவு சரியாக வர வேண்டுமானால், வெயிலில் நடந்து வந்தவுடன் கையை நீட்டாதீர்கள். காப்பி குடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் வைத்து, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இருதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற சகோதரியிடமும் தலைசுற்றலை மறைக்காமல் சொல்லுங்கள்.

குடிப்பதைக் குறித்துச் சில வார்த்தைகள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். இருதயம் பலவீனப்பட்டவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மட்டும் டாக்டர் சொன்ன அளவைக் கடக்கக் கூடாது. நீர்மோர் நல்லது, உப்பை அள்ளிப் போடாவிட்டால்! ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அது ஒரு சிறு கரண்டி அளவுதான். பழைய சோற்றோடு ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், கருவாடு என்று சேர்ந்தால் அது ஒரே வேளையில் தீர்ந்துவிடும். ஓ.ஆர்.எஸ். பொடியிலும் உப்பு உண்டு. வயிற்றுப்போக்கிலும் கடும் வியர்வைச் சோர்விலும் அது உயிர் காக்கும். தினமும் தாகத்துக்குக் குடிக்கும் பானமல்ல. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. ஆகவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுக்கொண்டே குடிக்க வேண்டும். பதநீரில் சர்க்கரை உண்டு என்பதை நீரிழிவுக்காரர்கள் மறவாதிருங்கள்.

உபவாச ஜெபத்தைக் குறித்தும் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் இந்த வெயிலில் தண்ணீரும் அருந்தாமல் உபவாசிப்பது ஆபத்து. முன்னதாகவே டாக்டரிடம் ஆலோசனை கேளுங்கள். குறைந்தபட்சம் தண்ணீரையாவது விடாதிருங்கள்.

ஒருவர் உடல் நெருப்பாய்ச் சுட, புத்தி தடுமாறிப் பேசினால், அது வெயில் அதிர்ச்சியாக இருக்கலாம். உடனே 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வருமுன் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அப்போதும் 108 தான். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் கை வைத்தியம் செய்து நேரத்தைப் போக்காதீர்கள்.

கடைசியாக, சபையார் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். மே மாதம் கலியாண மாதம், பண்டிகை மாதம். பந்தலில் முதியவர்களுக்கு நிழலில் நாற்காலி போடுங்கள். பானைத் தண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நெடுநேரம் நிற்கவேண்டிய ஆராதனையில் அவர்களை உட்காரச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வசிக்கிற ஒரு தாத்தாவோ பாட்டியோ உங்கள் தெருவிலும் இருப்பார்கள். வாரத்தில் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போய், "தண்ணீர் குடித்தீர்களா? தலைசுற்றுகிறதா? மாத்திரை இருக்கிறதா?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். கோடையைப் போலவே மழைக்காலத்தையும் அவர்கள் சுகமாய்க் கடக்க இது உதவும்.