படகை இழுக்கப் பழைய வண்டி



கட்டுமரம் கட்டிய நம் முன்னோருக்கு, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சிக்கல் இருந்ததில்லை. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்ப்பார்கள். மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்து சென்று மணல்மேட்டில் உலர வைப்பார்கள். கலமே பிரிந்து கரையேறிவிடும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், கண்ணாடியிழையால் ஆன ஃபைபர் படகுகள் நம் கரையெங்கும் பெருகின. அவற்றைப் பிரிக்க இயலாது. முழுதாகவே இழுத்தாக வேண்டும். கடற்கரைக் குப்பங்களில் டிராக்டர் மணலில் இறங்கிப் படகை இழுத்து வருவதை நீங்கள் கண்டிருக்கலாம்.

நான் வசிப்பது நெமிலிச்சேரி. ஆவடியைத் தாண்டித் திருநின்றவூருக்குப் போகும் வழியிலுள்ள ஊர். இங்கே கடல் இல்லை. படகைப் பற்றி இவ்வூர்க்காரனுக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். கடல் இல்லையே தவிர, ஏரிகள் உண்டு. மழை மிகுந்த ஆண்டுகளில் ஏரி எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. 2015 டிசம்பரில் சென்னை நகரம் நீரில் மூழ்கியபோது, மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து மக்களை மீட்டார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் 4,000-க்கும் மேற்பட்ட மீனவர்கள், 600-க்கும் மேற்பட்ட படகுகளுடன் உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று பல்லாயிரம் உயிர்களைக் காத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் மீன்பிடி படகுகள் ஓடின.

இவற்றையெல்லாம் கண்ட எங்கள் பகுதி இளைஞர் சிலர், தமக்கென ஒரு படகு வேண்டும் என்று முடிவு செய்தனர். படகை ஏற்ற ஒரு டிரெய்லர், அதை இழுக்க ஒரு பழைய வண்டி, இரண்டையும் வாங்குவது திட்டம். கணிதமும் பௌதிகமும் கற்பித்தவன் என்ற ஒரே காரணத்தால் என்னிடம் யோசனை கேட்க வந்தனர். “ஐயா, எந்த வண்டி அதிக பாரம் இழுக்கும்?” என்பது அவர்களது கேள்வி. “எந்த வண்டி அந்தப் பாரத்தை நிறுத்தும் என்று முதலில் கேளுங்கள்” என்றேன்.

கணக்கைப் பாருங்கள். வண்டியின் எடை 2,000 கிலோ; டிரெய்லரும் படகும் இயந்திரமும் சேர்ந்து 1,500 கிலோ என்று கொள்வோம். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், நிறைக்கு நேர் விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் அமையும் என்று படித்திருக்கிறீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தனி வண்டியின் ஆற்றல் ஏறத்தாழ 2,80,000 ஜூல். படகும் சேர்ந்தால் 4,86,000 ஜூல். இத்தனையையும் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டியது பிரேக்கின் பொறுப்பு. டிரெய்லருக்கெனத் தனி பிரேக் இல்லாவிட்டால், 2,000 கிலோ வண்டிக்காக அமைக்கப்பட்ட பிரேக்கே அவ்வளவு சுமையையும் தாங்க வேண்டும். ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தும்போது, பின்னே வரும் படகு வண்டியைத் தள்ளும். சிறிது கோணலாகத் தள்ளினாலும் போதும், இரண்டும் கீல் வைத்த கதவு போல மடங்கிவிடும்.

இதனால்தான் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்று விதித்திருக்கிறார்கள். அங்கே இசூசு டி-மேக்ஸ் போன்ற வண்டிகளுக்கு 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று குறித்திருப்பார்கள். நம் இளைஞர்கள் அந்த எண்ணைக் கண்டு மயங்குகிறார்கள். அதே குறிப்பில் அடுத்த வரியில் 750 என்று ஒரு சிறிய எண் இருக்கும். முன்னது பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பின்னது பிரேக் இல்லாததற்கு. அன்றியும், அயல்நாட்டில் விற்கும் வண்டியும் இங்கே விற்கும் வண்டியும் பெயரால் ஒன்றாயினும் உறுப்புகளால் ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை. இங்கே விற்ற வண்டியோடு கொடுத்த கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே நமக்குச் சான்று.

டிரெய்லருக்கான பிரேக்கில் எளிமையான ஒரு வகை உண்டு. முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் அதன்மீது முட்டுகிறதல்லவா? அந்த முட்டுதலே ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளி, டிரெய்லரின் சக்கரங்களில் பிரேக்கைப் பிடிக்கச் செய்கிறது. தள்ளுகிறவனையே காவலுக்கு வைத்தது போன்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

இனி எடையைப் பற்றி. படகு விற்பவர் சொல்லும் எடையை நம்பலாகாது. அவர் பொய் சொல்வதாக நான் கூறவில்லை. அவர் சொல்வது வெறும் படகின் எடை. அதன் மேல் இயந்திரம், துடுப்பு, கயிறு, நங்கூரம், மிதவைச் சட்டைகள் ஆகியன ஏறும். 40 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 30 கிலோ. மழையில் நின்ற படகின் அடியில் 100 லிட்டர் நீர் தேங்கியிருந்தால் அது 100 கிலோ. எல்லாவற்றையும் ஏற்றி எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பதற்கு ஆகும் செலவு சொற்பம்.

அந்த எடை டிரெய்லரில் எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். பாரம் அச்சுக்குப் பின்னால் மிகுந்தால், ஓடும்போது டிரெய்லர் பாம்பின் வால் போல இருபுறமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் பெருகும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முன்மூக்கில், அதாவது வண்டியின் கொக்கிமேல் அழுந்துமாறு படகை முன்னே நகர்த்தி வைப்பது பொதுவான வழக்கம். நம் கணக்கில் அது 150 கிலோ. இரண்டு ஆட்கள் வண்டியின் பின்முனையில் ஏறி அமர்ந்ததற்கு ஒப்பு. ஆகவே உள்ளே அமர்வோரில் இருவரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறி முன்னே நகர்த்தினாலோ, வண்டியின் முன்சக்கரங்கள் தரையை அழுத்துவது குறைந்து, திருப்பும் சக்கரம் சொன்ன பேச்சைக் கேளாது.

கொக்கியைப் பற்றியும் ஒரு சொல். பந்து போன்ற அதன் தலை 50 மில்லிமீட்டர் அளவிலும் உண்டு, 2 அங்குல அளவிலும் உண்டு. 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் 2 அங்குலக் கிண்ணத்தைச் சிறிய பந்தின்மேல் மாட்டினால், ஒரு பள்ளத்தில் குதிக்கையில் கழன்றுவிடக்கூடும். எனவே பந்தின்மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குக. கழன்றாலும் ஓடிப்போகாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் பூட்டுவதும் அவசியம்.

சரி, எந்த வண்டி? படகு நீரில் இறங்கும் சரிவை நினைத்துப் பாருங்கள். எட்டடிக்கு ஓரடி உயரும் சரிவில் 3,500 கிலோவை மேலே இழுக்க, உராய்வைத் தள்ளிவிட்டாலும், ஏறத்தாழ 435 கிலோ எடைக்கு ஈடான விசை தேவை. வேகம் வேண்டியதில்லை, மெதுவாகச் சுழலும்போதே மிகுந்த முறுக்கு விசை வேண்டும். டீசல் இயந்திரம் இதற்கு ஏற்றது. பொலேரோ வண்டியின் முறுக்கு விசை ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டெவரில் 3.2 லிட்டர் இயந்திரம் பூட்டிய வகைக்கு 470. ஆயினும் விசை மட்டும் இருந்தால் ஆகாது. சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டும். சரிவின் அடியில் பாசி படர்ந்திருக்கும். பின்சக்கரங்கள் நிற்பதும் அங்கேதான். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியாயின், உலர்ந்த இடத்தில் நிற்கும் முன்சக்கரங்கள் கைகொடுக்கும். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி இந்த வேலைக்கு வேண்டாம் என்பேன். கொக்கியின் பாரம் அதன் முன்பகுதியைத்தான் தூக்கிவிடுகிறதே!

உடலமைப்பையும் கவனிக்க வேண்டும். ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்திய வண்டிகள் உண்டு. சட்டமின்றி உடலே சட்டமாக அமைந்த வண்டிகளும் உண்டு. இழுப்பதற்கு முன்னவையே உகந்தவை. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சுமோ, ஃபார்ச்சூனர், எண்டெவர், தடாவுக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசூசு வி-கிராஸ் ஆகியவை ஏணிச் சட்டம் உடையவை. இன்னோவாவில் எச்சரிக்கை வேண்டும். பழைய இன்னோவாவும் கிரிஸ்டாவும் ஏணிச் சட்டத்தில் அமைந்து பின்சக்கரத்தால் இயங்குபவை. 2022-இல் அறிமுகமான ஹைகிராஸ், சட்டமின்றி முன்சக்கரத்தால் இயங்குவது. குடும்பப் பெயர் ஒன்று. பிள்ளைகளின் இயல்பு வேறு. எண்டெவர் இப்போது இங்கே தயாராவதில்லை. உதிரிப் பாகங்கள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்த பின்னரே அதற்கு விலை பேச வேண்டும்.

பழைய வண்டியைச் சோதிக்கும்போது மேற்பூச்சைப் பார்த்து மயங்காமல் அடியில் படுத்துப் பாருங்கள். கடலோரத்தில் உழைத்த வண்டியை உப்பு அரித்திருக்கும். சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். முன்பே கொக்கி பூட்டியிருந்தால், ஆணித் துளைகள் நீண்டிருக்கின்றனவா, அருகே வெடிப்பு உண்டா என்று காண்க. கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் இட்டு, கிளட்சை மெல்ல விடுக. இயந்திரம் திணறி நின்றால் கிளட்சு நலம். நிற்காது சுழன்றுகொண்டே இருந்தால் கிளட்சு தேய்ந்துவிட்டது. பின்அச்சுப் பெட்டியின் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

நம் வட்டாரத்தில் நீர் புகுந்த வண்டி என்பது தனிக் கதை. ஒவ்வொரு வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகள், கழுவித் துடைக்கப்பட்டுப் பின்னர் சந்தைக்கு வந்துவிடும். வெள்ளத்தில் உதவுவதற்காக, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையே வாங்கிவிடும் விபரீதம் நேரலாம். காற்றைப் போல நீர் அமுங்காது. ஓடும் இயந்திரத்தின் உருளைக்குள் நீர் புகுந்தால், அமுங்காத நீரில் மோதி இணைப்புத் தண்டே வளைந்துவிடும். இருக்கைப் பட்டையை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். கால்மிதியடியைத் தூக்கி அதன் அடியில் விரலால் தடவுங்கள். எங்கள் இளைஞர் முதலில் பார்த்து வந்த வண்டியில் புதுப்பூச்சு பளபளத்தது. பட்டையின் உள்முனையிலோ ஒரு விரற்கடை அகலத்துக்கு வண்டல் படிந்திருந்தது. விற்பவர் அதைத் தூசி என்றார். தூசி வரிபோட்டுப் படிவதில்லை.

காகிதங்களையும் பாருங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். சொந்த உபயோக வண்டியாயின் அதன் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 14 வயது வண்டியை மலிவென்று வாங்குவோர் இதை நினைவில் கொள்க.

இங்கே ஒரு கேள்வி எழலாம். மீனவர்கள் லாரியில்தானே ஏற்றிச் சென்றார்கள்? ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் படகு நகருமாயின் அதுவே சிறந்த வழி. வண்டி வாங்கிப் பூட்டி வைப்பதைவிட, வேண்டும்போது வாடகைக்கு லாரி பிடிக்கலாம். ஆனால் லாரியிலிருந்து படகை இறக்கப் பல கைகள் வேண்டும். வெள்ள இரவில் அத்தனை கைகள் கிடைப்பது அரிது. டிரெய்லரிலிருந்து இரண்டு மூன்று பேரே இறக்கிவிடலாம். அன்றியும், படகோட்டப் பழகாதவன் வெள்ளத்தில் இறங்கினால் அவனையும் ஒருவர் மீட்க வேண்டியதாகும். எங்கள் இளைஞர் மாதம் இருமுறை பழவேற்காட்டுக்குப் படகைக் கொண்டு சென்று பழக எண்ணியிருக்கிறார்கள். அதனால்தான் வண்டி வாங்குவதற்கு நான் உடன்பட்டேன். வண்டலூரிலிருந்து 2014-இல் நெமிலிச்சேரி வரையிலும், 2021-இல் மீஞ்சூர் வரையிலும் திறக்கப்பட்ட வெளிவட்டச் சாலை அவர்களுக்கு வழி. அகன்ற சாலை, விரையத் தூண்டும். 40-இலிருந்து 80-க்கு ஏறினால் ஆற்றல் நான்கு மடங்கு என்ற கணக்கை வண்டிக்குள் ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போய்ச் சேர்ந்தவுடன் படகை நீரில் இறக்கிவிடவும் கூடாது. ஓடிவந்த சக்கரத்தின் குடம் சூடாயிருக்கும். சட்டென்று குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மசகும் பேரிங்கும் கெடும். குடத்தைத் தொட்டுப் பார்த்து, ஆறிய பின் இறக்குக.

பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. வண்டியின் பின்னே படகோடு டிரெய்லரைப் பூட்டி, ஒரு சரிவில் பாதி தூரம் ஏற்றுங்கள். அங்கே நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, ஒரு நிமிடம் காத்திருங்கள். பின்னுக்கு உருளுகிறதா என்று ஒருவர் இறங்கி, வண்டிக்குப் பின்னால் நில்லாமல் பக்கவாட்டில் நின்று கவனிக்கட்டும். பிறகு அதே இடத்திலிருந்து மீண்டும் மேலே ஏற்றிப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பலாம்.