பேர்பெற்ற வண்டி

மலைநாட்டில் மோட்டார் வண்டியைக் கண் காண்பதற்கு முன்னரே காது கண்டுவிடும். ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், வளைவுக்கு வளைவு வண்டி மறைந்துவிடுகிறது. ஆனால் அதன் முனகல் பள்ளத்தாக்கைக் கடந்து, எதிர்மலையில் கொழுந்து பறிப்போரின் காதை எட்டுகிறது. கியர் மாறும் ஓசையும், ஏற்றத்தில் இயந்திரம் திணறும் ஓசையும் மலைக்கு மலை எதிரொலிக்கும். அந்த ஓசையைக் கொண்டே, வருவது லொறியா, பஸ்ஸா, துரையின் காரா என்று கூறிவிட வல்லவர்கள் தோட்டந்தோறும் உண்டு.

தோட்டத்துத் துரைமார் ஓட்டியவை பெரும்பாலும் ஆஸ்டின், மொறிஸ், ஹில்மன் போன்ற சிறிய பிரித்தானியக் கார்களே. நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலத்தில், 1934ஆம் ஆண்டு தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில், விரைவு வண்டிகள் பெரும் முழக்கத்தோடு ஏறுவதையும் மக்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் பிரித்தானியக் கார்களுள் தலையாயது என்று பேசப்பட்ட றோல்ஸ் றோய்ஸ் இம்மலைகளில் அரிய காட்சியே. அதைக் கண்ணாற் காணாதவரும் அதன் பெயரை அறிவர். எத்துறையிலும் உயர்ந்த பொருளைக் குறிக்க அப்பெயரையே உவமையாக வழங்குவது உலக வழக்காகிவிட்டது. ஓசையினால் அல்ல, ஓசையின்மையினால் பெயர் பெற்ற வண்டி அது. அந்தப் பெயர் எவ்வாறு உண்டாயிற்று? எவருடைய உழைப்பினால் உண்டாயிற்று?

ஹென்றி றோய்ஸ் 1863ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீற்றர்பரோ நகருக்கு அண்மையிலுள்ள அல்வால்ற்றன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் மாவாலை நடத்தி நொடித்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்த சிறுவன், லண்டன் தெருக்களில் பத்திரிகை விற்றான், தந்தி சுமந்தான். பள்ளியில் கற்றது சொற்பம். அத்தை ஒருவர் ஆண்டுக்கு 20 பவுண் கட்டி, அவனைப் பீற்றர்பரோ ரயில்வே பட்டறையில் தொழில் பழகவிட்டார். மூன்று ஆண்டுகளில் அவரது பணமும் தீர்ந்தது. பயிற்சியும் இடையில் நின்றது. 1884இல் றோய்ஸ், நண்பர் ஒருவருடன் மான்செஸ்ரர் நகரில் சிறு மின்சாரப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். மின்பொறிகளும் பாரந்தூக்கிகளும் செய்தார். பின்னர் பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கினார். அதன் குறைகள் அவருக்குப் பொறுக்கவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி ஆராய்ந்தவர், அதனினும் நன்றாகத் தாமே ஒன்று செய்வதென்று துணிந்தார். அவ்வாறு செய்த முதல் கார் 1904 ஏப்ரல் முதலாந் தேதி பட்டறையைவிட்டு ஓடி வெளியே வந்தது.

சாள்ஸ் றோல்ஸ் முற்றிலும் வேறு உலகத்தவர். பிரபு ஒருவரின் மைந்தர்; ஈற்றனிலும் கேம்பிறிட்ஜிலும் கற்றவர். லண்டனில் வெளிநாட்டுக் கார்களைச் செல்வர்க்கு விற்றுவந்தார். தம் நாட்டில் செய்த நல்ல கார் ஒன்றேனும் விற்பதற்கு இல்லையே என்பது அவருடைய குறை. 1904 மே 4ஆம் தேதி மான்செஸ்ரரில் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தனர். றோய்ஸ் செய்யும் கார்கள் அனைத்தையும் றோல்ஸ் விற்பது என்று உடன்பாடாயிற்று. 1906இல் கம்பனி பதிவாயிற்று. செய்தவர் பெயர் பின்னும், விற்றவர் பெயர் முன்னுமாக அமைந்ததைக் கவனித்தல் வேண்டும். உலகில் பெயர்கள் பெரும்பாலும் இம்முறையிலேயே அமைகின்றன.

கம்பனியின் நிர்வாகத்தை ஏற்ற குளோட் ஜோன்சன், பெயரை வளர்ப்பதில் வல்லவர். 1907இல் புதிய கார் ஒன்றுக்கு வெள்ளி வண்ணம் பூசி, 'சில்வர் கோஸ்ற்' என்று பெயரிட்டார். வெள்ளிப் பேய் என்பது அதன் பொருள். பேய் போல் அரவமின்றி வந்து நிற்கும் என்பது குறிப்பு. பெயரிட்டதோடு அவர் நிற்கவில்லை. மோட்டார்க் கழகத்தாரின் கண்காணிப்பில், லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே அந்தக் காரை 15,000 மைல் ஓடவிட்டார். 629ஆவது மைலில், அதிர்ச்சியால் பெற்றோல் குழாயின் அடைப்பு தானே மூடிக்கொள்ள, கார் நின்றது. அதன் பின்னர் எஞ்சிய 14,371 மைல் தூரமும் பழுதினால் ஒருமுறையும் நிற்கவில்லை. முடிவில் காரைப் பிரித்துப் பரிசோதித்தபோது, தேய்ந்திருந்தவை மிகச் சில உறுப்புகளே. 'உலகின் மிகச் சிறந்த கார்' என்ற விளம்பரம் அந்த ஓட்டத்தின் மேல் எழுந்ததே.

இந்தியாவின் மன்னர்களும் இக்காரை விரும்பி வாங்கினர். 1908இல் பம்பாயிலிருந்து கோலாப்பூர் வரை மலைக்கணவாய்களினூடே நடந்த பந்தயத்தில் ஒரு சில்வர் கோஸ்ற் புகழ் பெற்றது. அதைக் குவாலியர் மன்னர் வாங்கிக்கொண்டார். மன்னர் ஒருவர், லண்டன் கடையில் தம்மை அவமதித்ததற்காகப் பல றோல்ஸ் றோய்ஸ் கார்களை வாங்கிக் குப்பை அள்ளவிட்டார் என்றொரு கதையும் உண்டு. கேட்பதற்குச் சுவையான அக்கதைக்கு உறுதியான சான்று கிடையாது. காரின் முகப்பிலுள்ள இரட்டை எழுத்துகள் சிவப்பிலிருந்து கறுப்பானது றோய்ஸின் மறைவுக்குத் துக்கம் காட்டவே என்பதும் அத்தகையதே. கறுப்பே அழகு என்று றோய்ஸ் தாமே, தம் வாழ்நாளில், செய்த மாற்றம் அது. புகழ் வளர்ந்தால், அதைச் சுற்றிக் கதைகளும் கொடிபோற் படர்ந்துவிடுகின்றன.

ஆனால், மலைநாட்டு நேயர் மனத்தில் நிற்கத்தக்க நிகழ்ச்சி வேறு. அது வெற்றியன்று, தோல்வி. சில்வர் கோஸ்றின் இயந்திரம் வலிமை மிக்கது. ஆகவே மூன்று கியர் போதும் என்று கம்பனியார் 1909இல் முடிவு செய்தனர். சமநிலத்தில் அது போதியதாகவே இருந்தது. 1911இல் லண்டனிலிருந்து எடின்பரோ வரை மேல் கியரிலேயே ஓட்டிக் காட்டி உலகை வியக்கவைத்தனர். அடுத்த ஆண்டு, ஜேம்ஸ் றட்லி என்னும் தனியார் ஒருவர் தம் காரை ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைப் பந்தயத்தில் ஓட்டினார். ஒஸ்திரியாவிலுள்ள காற்ஷ்பேர்க் கணவாயின் செங்குத்தான ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. முழுச் சுமையோடு மீண்டும் புறப்பட அதனால் இயலவில்லை. ஏறியிருந்தோர் இறங்கிய பின்னரே அது மேலே நகர்ந்தது. உலகின் மிகச் சிறந்த காருக்கு ஒரு மலைச்சரிவு விடுத்த சவால் அது.

கம்பனியார் பழியை மலைமீது போடவில்லை, ஓட்டியவர்மீதும் போடவில்லை. நான்கு கியர் கொண்ட புதிய பெட்டியை அமைத்தனர். இயந்திரம் சூடேறாதிருக்கக் குளிரூட்டும் அமைப்பையும் திருத்தினர். 1913இல் அதே அல்ப்ஸ் மலைக்கு மூன்று கார்களைத் தாமே அனுப்பினர். றட்லியும் தம் காருடன் மீண்டும் சென்றார். அம்முறை அக்கார்கள் ஏற்றங்களில் முன்னணியில் சென்று பேர் வாங்கின. மலையில் இழந்த பெயரை மலையிலேயே மீட்டனர். ஏற்றத்தில் நின்றுபோன லொறியின் சில்லுக்குக் கல் வைத்துப் பழகிய மக்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

றோல்ஸ் 1910இல், 32 வயதில், போர்ண்மவுத் நகரில் விமான விபத்தில் உயிர் நீத்தார். றோய்ஸ் நோயுற்றும், படுக்கையிலிருந்தே வரைபடங்களைத் திருத்தி, 1933இல் மறையும் வரை உழைத்தார். பட்டம் பெற்ற பின்னரும் தம்மை மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை.

இக்கம்பனியின் மற்றொரு கைவண்ணம் இலங்கையின் வானில் ஒலித்தது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்து அவற்றை எதிர்த்தவை ஹரிக்கேன் போர் விமானங்கள். அவற்றின் இயந்திரம் றோல்ஸ் றோய்ஸ் செய்த மேர்லின். செல்வர் வீட்டு வாசலில் அரவமின்றி நிற்கும் வண்டியைச் செய்தவர்களே, நகரைக் காக்கப் பேரிரைச்சலோடு எழுந்த இயந்திரத்தையும் செய்தார்கள்.

எத்தகைய பெயரும் வீழ்ச்சிக்கு விலக்கன்று. ஆர்.பி. 211 என்ற புதிய விமான இயந்திரத்தை உருவாக்குவதில் அளவிறந்த பணம் கரைந்து, 1971 பெப்ரவரியில் றோல்ஸ் றோய்ஸ் நொடித்தது. பிரித்தானிய அரசாங்கம் விமான இயந்திரப் பகுதியைப் பொறுப்பேற்றது; கார்ப் பகுதி 1973இல் தனியே பிரிந்தது. நொடிக்கச் செய்த அந்த இயந்திரமே பின்னர் திறமையால் பெயர் பெற்றது. 1980களில் எயார் லங்காவின் ட்றைஸ்ரார் விமானங்களைச் சுமந்ததும் அதுவே.

கதையின் விசித்திரமான பகுதி 1998இல் நிகழ்ந்தது. கார்க் கம்பனி விற்பனைக்கு வந்தபோது, ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் 430 மில்லியன் பவுண் கொடுத்துக் குறூ நகரத் தொழிற்சாலையை வாங்கியது. 1946 முதல் றோல்ஸ் றோய்ஸ் கார்கள் உருவான இடம் அது. ஆனால், வாங்கிய பின்னரே ஓர் உண்மை உறைத்தது. 'றோல்ஸ் றோய்ஸ்' என்ற பெயர் அந்தத் தொழிற்சாலைக்கு உரியதன்று. அது விமான இயந்திரக் கம்பனியின் கையில் இருந்தது. அக்கம்பனி, பெயரை 40 மில்லியன் பவுணுக்கு மற்றொரு ஜேர்மன் நிறுவனமான பி.எம்.டபிள்யூவுக்கு வழங்கிவிட்டது. தொழிற்சாலையும் தொழிலாளரும் ஓரிடத்தில் நிற்க, பெயர் மட்டும் புறப்பட்டு வேறிடம் சென்றது. 2003 முதல் அப்பெயர் தாங்கிய கார்கள் இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள குட்வுட்டில் உருவாகின்றன. குறூவில் பலகாலம் பாடுபட்ட கைகள் பென்ற்லி என்ற பெயரில் கார் செய்கின்றன. உழைத்த கை வேறு, பெயர் வேறு என்று பிரிக்கவும், தனித்தனியே விலை பேசவும் இயலும் என்பதை உலகம் கண்டது.

இந்த இடத்தில் மலைநாட்டின் பேர்பெற்ற பொருளை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். கொழும்பில் 1883இல் தேயிலை ஏலம் தொடங்கிற்று. 1890இல் தோமஸ் லிப்ரன் வந்து தோட்டங்களை வாங்கி, பெட்டியிலே தம் பெயரைப் பொறித்தார். 1972இல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என்று மாறிய பின்னரும், 'சிலோன் தேயிலை' என்ற பெயர் மாறவில்லை. பேர்பெற்ற பொருளின் பெயரை மாற்ற எவரும் துணியார்.

அந்தப் பெயரை உண்டாக்கிய கைகள் எவை? மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், வழியில் பசிக்கும் நோய்க்கும் பலரைப் பறிகொடுத்தவர்கள், மலையைக் குடைந்து, இன்று கார்கள் ஏறும் வீதிகளுக்குக் கல் உடைத்தவர்கள். அவர்களின் மக்களும் பேரமக்களும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுத்த கொழுந்தே ஏலத்தில் விலை பெற்றது. முற்றிய இலை கூடையில் கலந்தால் தேநீரின் சுவை கெடும், பெயரும் கெடும். தேயிலையின் தரம் முதன்முதலாகத் தீர்மானமாவது கொழும்பில் சுவை பார்ப்பவரின் நாவிலன்று. பனி படர்ந்த மலைச்சரிவில், கொழுந்து எடுக்கும் பெண்ணின் விரல் நுனியில்.

அவ்வளவு பெயர் ஈட்டித் தந்தோரின் சொந்தப் பெயர்கள், நெடுங்காலம் செக்ரோல் ஏட்டுக்கு அப்பால் செல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டில். றோல்ஸ் றோய்ஸ் என்ற பெயர் புதிய தொழிற்சாலைக்குக் குடிபெயர்ந்த அதே ஆண்டில்தான், இம்மலைகளில் எஞ்சியவர்களும் குடிமக்களாயினர்.

காரின் பெயரைத் தொழிற்சாலையிலிருந்து பிரித்து விற்க இயன்றது. தேயிலையின் பெயரை மலையிலிருந்து பிரிக்க இயலாது. இந்த மண்ணும், இந்தப் பனியும், இந்தக் கைகளும் இல்லாமல் அந்தப் பெயருக்குப் பொருளே இல்லை. ஏற்றத்தில் தன் கார் நின்றபோது, மலையைக் குறைகூறாமல் தன் குறையைத் திருத்திக்கொண்டமையால் ஒரு கம்பனி தன் பெயரைக் காத்தது. பெயரால் பயனடைவோர் யாவருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. பெயரைக் காப்பதாவது அதைச் சுமப்போரைக் காப்பதே. அவர்கள் வாழும் லயத்தின் கூரை ஒழுகும்போது, பெட்டியின் மேற்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் பெயருக்குக் குறை உண்டு.

ஹற்றன் வீதியில் இன்றும் வண்டிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. எதிர்மலையில் கொழுந்து எடுப்போர் அவற்றின் ஓசையைக் கேட்கிறார்கள். மலையேறும் வண்டியின் முனகல் நெடுந்தூரம் கேட்கும். கொழுந்து கிள்ளும் விரல்கள் ஓசை எழுப்புவதில்லை. ஆனால், உலகின் பல நாடுகளில் காலைதோறும் மனிதர் வாய் மணக்க உச்சரிக்கும் ஒரு பெயர், ஓசையற்ற அந்த விரல்களிலிருந்தே பிறக்கிறது.