தொட்டால் உடையாது

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைப்பைப் பார்த்துவிட்டு, கணினி ஆசிரியர் யாரோ பேசப்போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். நான் கணக்கு ஆசிரியை. எங்கள் பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. எனக்கும் கணினிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இணையவழித் தேர்வுக்காக ஆய்வகத்தில் உட்கார வைத்திருந்தேன். ஒரு மாணவி எதையோ தட்டியிருக்கிறாள். திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே ஆங்கிலத்தில் ஒரு வரி: உள்ளீடு செல்லாது என்று பொருள். அவளுக்கு அது புரியவில்லை. சிவப்பு மட்டும் புரிந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாடவேளை முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் கவனிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் அம்மா கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், அந்தக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ஆகும்?"

அந்தக் கேள்வியை அந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தது நான்தான். ஆய்வகத்தின் முதல் நாளில், "எதையாவது தொட்டுக் கெடுத்தீங்கன்னா உங்க அப்பாதான் காசு கட்டணும்" என்று சொல்லியிருந்தேன். நம்மில் பலர் சொல்வதுதான். சொல்லிவிட்டு நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

அதன் பிறகுதான், திரையில் வரும் படங்களையும் செய்திகளையும் யார் உருவாக்குகிறார்கள், பயந்துபோன ஒருவரை நினைத்துப் பார்த்துச் செய்கிறார்களா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் சூசன் கேர். 1984இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேக்கின்டோஷ் கணினிக்குப் படக்குறிகள் வரைந்தவர். ஓவியம் படித்தவர், கணினி வரைகலை அவருக்கு அதற்கு முன் தெரியாது. கட்டம் போட்ட நோட்டை வாங்கி, 32க்கு 32 கட்டங்களில் எதைக் கறுப்பாக்குவது, எதை வெள்ளையாக விடுவது என்று வரைந்து பார்த்தார். மொத்தம் 1,024 கட்டங்கள். எம்ப்ராய்டரி, மொசைக் போன்ற கைவேலைகளோடு அதை அவர் ஒப்பிட்டிருக்கிறார். நமக்குப் புள்ளிக் கோலம் நினைவுக்கு வரும். (கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: கட்டத்தாளில் பிள்ளைகளை ஒரு படக்குறி வரையச் சொல்லுங்கள். ஆயத்தொலைவுகள் பாடத்தை இதைவிட எளிதாகத் தொடங்க எனக்கு வழி தெரியவில்லை.)

அந்தக் கணினியை இயக்கியதும் முதலில் தெரிவது ஒரு சிறிய கணினிப் படம். அதற்கு முகம் உண்டு, சிரிக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் அது சொல்லிவிடும். கணினியையே பார்த்திராதவர்கள் அதன் முன் உட்கார்ந்த காலம் அது.

அதே கை இன்னொரு படத்தையும் வரைந்தது. கணினி பெரும் கோளாறில் நின்றுபோனால் காட்டுவதற்குத் திரி பற்றிய ஒரு வெடிகுண்டு. அது யார் கண்ணிலும் படப்போவதில்லை என்று நினைத்து வேடிக்கையாக வரைந்தது. ஆனால் கணினி நின்றுபோனது, குண்டு திரையில் வந்தது. கணினி வெடித்துவிடுமோ என்று பயந்தவர்கள் உண்டு. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் குண்டுதான். செய்தவர்களுக்குச் சிரிப்பு; எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு, தான் எழுதியதெல்லாம் போய்விட்டதோ என்ற பதற்றம். வகுப்பில் நாம் அடிக்கும் சில கிண்டல்களும் இப்படித்தான். நாற்பது பேர் சிரிப்பார்கள். யாரைச் சொன்னோமோ அந்தப் பிள்ளை சிரிக்காது.

இப்போது டைனோசருக்கு வருகிறேன். உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குரோம் உலாவியில் இணையம் இல்லாதபோது திரையில் நிற்குமே ஒரு சின்ன டைனோசர், அது 2014இல் வந்தது. இணையம் இல்லையென்றால் ஆதிகாலத்துக்கே போய்விட்டோம் என்பது அதன் வேடிக்கை. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடத் தொடங்கும். கள்ளிச்செடி வந்தால் தாவ வேண்டும். ஓடி முடிக்க ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் ஆகும்படி அமைத்ததாக அதை உருவாக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

விளையாட்டை விடுங்கள், அந்தப் பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். இணையம் இல்லை என்று சொல்கிறது. கேபிளைப் பார், மோடத்தைப் பார் என்று செய்ய வேண்டியதைச் சொல்கிறது. "நீ தவறு செய்தாய்" என்று எங்கும் இல்லை. டைனோசர் தானாக ஓடுவதும் இல்லை. நீங்கள் தட்டினால்தான் ஓடும். விருப்பமில்லாதவரை அது தொந்தரவு செய்யாது. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு செய்தி: பள்ளிப் பிள்ளைகள் இதிலேயே மூழ்கிவிட்டதால், நிர்வாகிகள் இதை முடக்கி வைக்கவும் வழி செய்ய வேண்டியதாயிற்று. ஆசிரியர்கள் எந்த நாட்டிலும் ஆசிரியர்கள்தான்.

தட்டாமலே வந்து நின்ற ஒன்றும் உண்டு. 1997ஆம் ஆண்டு பதிப்பு ஆபீஸ் மென்பொருளில், கண்கள் வைத்த பேப்பர் கிளிப் ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? கடிதம் எழுத ஆரம்பித்தாலே எட்டிப் பார்த்து, உதவட்டுமா என்று கேட்கும். அழகான பொம்மைதான். ஆனால் எழுதிக்கொண்டிருப்பவருக்கு எரிச்சல் வந்தது. 2001இல் அதை இயல்பாகவே அணைத்து வைத்தார்கள். 2007 பதிப்பில் அது இல்லவே இல்லை. பிள்ளை கணக்கின் முதல் வரியை எழுதும்போதே தோளுக்குப் பின்னால் குனிந்து நிற்கும் ஆசிரியையை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

நான் மவுஸ் பிடிக்கக் கற்றதும் ஒரு விளையாட்டால்தான். ஆசிரியர் பயிற்சி படித்தபோது கணினி வகுப்பில் சொன்னது ஒன்றும் கை வரவில்லை. சாலிட்டேர் சீட்டை இழுத்து இழுத்து வைத்ததில்தான் விரல் பழகியது. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த விளையாட்டு அது. மவுஸால் ஒரு பொருளைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விடுவது அன்று பலருக்குப் புதிது. சீட்டாட்டம் அதைச் சொல்லிக்கொடுக்காமலே சொல்லிக்கொடுத்தது. அந்தச் சீட்டுகளை வரைந்தவரும் சூசன் கேர்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

சரி, என் ஆய்வகத்தில் என்ன மாற்றினேன்? பெரிதாக ஒன்றுமில்லை. சுவரில் "தொடாதே" என்று தொடங்கும் ஐந்து வரிகள் இருந்தன. கிழித்துவிட்டேன். மின்கம்பிகளைப் பற்றிய எச்சரிக்கையை மட்டும் வைத்துக்கொண்டேன். அங்கே பயம் வேண்டும். முதல் வகுப்பில் இப்போது பெயின்ட் செயலியைத் திறந்து, "உங்களால் முடிந்த மட்டும் கெடுங்கள்" என்கிறேன். திரை முழுக்கக் கிறுக்குகிறார்கள். பிறகு கன்ட்ரோல் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்தச் சொல்கிறேன். கிறுக்கல் ஒவ்வொன்றாக மறைகிறது. அந்த நேரத்தில் எழும் சத்தத்தைப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஏற்கெனவே தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டார். கணக்கு நோட்டிலும் சிவப்பில் பெருக்கல் குறி போடுவதை நிறுத்தி, எந்த வரியில் தடம் மாறியதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன். எல்லோருக்கும் இது பலன் தருகிறது என்று சொல்லமாட்டேன். சில பிள்ளைகள் புள்ளியைக் கண்டுகொள்வதே இல்லை.

அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. அன்று அவளைக் கையோடு அழைத்துவந்து, "நீ எதையும் உடைக்கல. தப்பா சொன்னது நான்தான்" என்றேன். நம்பவில்லை. ஆய்வகத்தில் வாரக்கணக்கில் பக்கத்துப் பெண்ணின் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வழக்கம்போல நெட் போய்விட்டது. எல்லாத் திரையிலும் டைனோசர். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அவள், "டீச்சர், தொடலாமா?" என்றாள். தலையசைத்தேன். மூன்றாவது கள்ளியில் மோதினாள். திரும்பவும் தட்டினாள்.

இப்போது உங்களுக்கு ஆளுக்கொரு தாள் தரப்போகிறேன். உங்கள் வகுப்பறைச் சுவரிலோ கரும்பலகை ஓரத்திலோ எழுதியிருக்கும் ஒரு எச்சரிக்கையை நினைவிலிருந்து அப்படியே எழுதுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதை வாசிப்பதாக நினைத்து, கீழே திருத்தி எழுதுங்கள். தேநீர் வருவதற்குள் முடித்துவிடலாம்.