வீட்டு மீன்தொட்டிக்கு ஏற்ற பொருள்கள்



சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே ஒரு மீன் காட்சிசாலை ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மறைந்துவிட்டது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில், 2019இல் திறக்கப்பட்ட ஒரு காட்சிசாலையில், அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் அமைந்த குகைவழியில் நடந்தால் மீன்கள் நம் தலைக்கு மேலே நீந்துகின்றன. அதைக் கண்டு திரும்பும் இளைஞர்களுக்கு, கடலில்லாத நம் திண்டுக்கல்லிலும் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய தொட்டி அமைக்கும் ஆசை எழுகிறது. நல்ல ஆசைதான். ஆனால் தொட்டி உடைந்தால் கூடமெங்கும் வெள்ளமும் கண்ணாடித் துண்டுகளும் பரவும். உடையாமலே நீர் நஞ்சானாலோ, மீன்களுக்குத் தப்பிச் செல்ல வேறிடமில்லை.

ஆதலால் எப்பொருளை வாங்கினும் மூன்று கேள்விகளைக் கேட்டே வாங்க வேண்டும். நீரின் விசையை அது தாங்குமா? நீரில் எதையேனும் கலக்குமா? நாள்பட உழைக்குமா?

முதற்கேள்விக்கு விடை காணப் பௌதிகம் துணை செய்யும். என் வகுப்பில் ஒரு தகரக் குவளையின் பக்கத்தில் மேலும் கீழுமாக மூன்று துளைகள் இட்டு நீர் நிரப்பச் சொல்வேன். அடித்துளையில் நீர் மிகுந்த வேகத்தோடு பீறிடுவதைப் பிள்ளைகள் தாமே காண்பார்கள். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது.

இதைத் தொட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். நீளம் 120, அகலம் 45, உயரம் 60 சென்டிமீட்டர் கொண்ட தொட்டி 324 லிட்டர் நீர் கொள்ளும். அதன் முன்கண்ணாடியின் மீது 216 கிலோ எடைக்கு ஈடான விசை தள்ளும். அகலத்தை 60 ஆக்கி உயரத்தை 45 ஆகக் குறையுங்கள். நீர் அதே 324 லிட்டர்தான். ஆனால் விசை ஏறக்குறைய 121 கிலோவாகக் குறைகிறது. மேற்பரப்பு விரிவதால் மீன்களுக்குப் பிராணவாயுவும் கூடுதலாகக் கிடைக்கும். பொருளைத் தேர்வதற்கு முன் வடிவத்தைத் தேர்வது சிக்கனம் என்பதை இக்கணக்கு காட்டவில்லையா?

இனிப் பொருள்களைப் பார்ப்போம். கண்ணாடி கீறல் எளிதில் விழாதது, நீரில் எதையும் கலக்காதது, ஆனால் கனமானது. 10 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி ஒரு சதுரமீட்டர் 25 கிலோ இருக்கும். அக்ரிலிக் அதில் பாதி எடைக்கும் குறைவு. அடிபட்டாலும் எளிதில் சிதறாது. ஆயினும் பாசியைத் துடைக்கும் துணியில் ஒரு மணல் இருந்தால் போதும், கீறல் விழும். சிமெண்டுத் தொட்டி முற்றத்திற்கு ஏற்றது. ஆனால் புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரையும். சில வாரங்கள் நீர் நிரப்பி, மாற்றி, மாற்றி ஊறவைத்த பிறகே மீன் விடலாம். நடுத்தரக் குடும்பத்துக் கூடத்திற்குக் கண்ணாடியே தக்கது என்பது என் கருத்து.

கண்ணாடிகளை இணைப்பது சிலிக்கோன் பசை. குளியலறைக்கென விற்கும் சில பசைகளில் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து சேர்ந்திருக்கும். அது மீனுக்கும் ஆகாது. மீன்தொட்டிக்கு உரியதையே கேட்டு வாங்கி, வினிகர் போன்ற வாடை முற்றும் நீங்கும்வரை உலரவிடுங்கள். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய தகரம் ஆகியவை நீரைத் தொடலாகாது.

அடியில் பரப்பும் கல்லையும் சோதியுங்கள். அதன்மீது சில துளி வினிகர் விட்டு, நுரை பொங்கினால் அது சுண்ணாம்புக்கல் அல்லது பளிங்குக்கல். நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். நம் சமவெளிக் கிணறுகள் பலவற்றில் நீர் முன்னமே கடினமானது. நுரைக்காத கருங்கல் துண்டுகள் நமக்குப் பொருத்தமானவை.

நீர், கண்ணாடி, கல் யாவும் சேர்ந்தால் எடை 400 கிலோவைத் தாண்டும். ஆறேழு ஆட்கள் ஓரிடத்தில் ஓயாமல் நிற்பது போன்றது. சாதாரண மேஜை அதற்குப் போதாது. இரும்புத் தாங்கி வேண்டும். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தொட்டியின் அடியில் தெர்மோகோல் பலகை விரியுங்கள். சிறு மேடு ஒன்று கண்ணாடியைப் பிளக்கப் போதும்.

இறுதியாக ஒன்று. குடிநீருக்கு ஆத்தூர் நீர்த்தேக்கத்தையும் மழையையும் எதிர்நோக்கும் ஊர் நம்முடையது. தொட்டியில் மாற்றும் நீரைச் சாக்கடையில் விடாமல் செடிக்கு ஊற்றுங்கள்; மீன் கழிவு அதற்கு நல்ல உரம். கோடையில் அத்தனை நீருக்கு வழியில்லாத வீட்டார் சிறு தொட்டியோடு நிற்பதே அறிவுடைமை.

திண்டுக்கல் பூட்டை வாங்குபவர் அதன் பளபளப்பைக் கண்டு வாங்குவதில்லை. உள்ளேயிருக்கும் நெம்புகோலின் உறுதியை நம்பியே வாங்குகிறார். மீன்தொட்டிக்குப் பொருள் தேடிக் கடைக்குச் செல்லும்போதும் அந்தக் கண்ணோடு செல்லுங்கள்; கையில் ஓர் அளவுகோலும் கணக்கேடும் இருக்கட்டும்.