மந்திர அசைவுகள்

1990களின் நடுப்பகுதியிலே, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வாடகைக்கு அமர்த்தப்பட்ட பெரிய மண்டபங்களில் நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் நிரை நிரையாக நின்று ஒருவகை அப்பியாசம் பயின்றனர். முழங்கால்களைச் சற்றே மடித்து நிற்பார்கள். அம்மியில் எதையோ அரைப்பதுபோலப் பாதங்களை இடமும் வலமும் திருப்பி நிலத்தைத் தேய்ப்பார்கள். கைகளை விறைப்பாக நீட்டிப் பின் தளரவிடுவார்கள். காற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வாரியெடுத்து விலாப்புறத்தே பூசுவதுபோல இழுப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இது சிறிது வேடிக்கையாகவே தோன்றியிருக்கும். ஆனால் உள்ளே நின்றவர்கள் வேடிக்கைக்காக வரவில்லை. கட்டணஞ் செலுத்தி, சிலர் கடல் கடந்தும், தாம் இழந்துவிட்டதாக எண்ணிய உயிராற்றலை மீளப் பெறுதற்கென்றே வந்திருந்தனர்.

அவர்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான். இவ்வசைவுகள் மனிதர் இருந்து யோசித்து இயற்றியவை அல்ல. பழைய மெக்சிக்கோவில் வாழ்ந்த ஷாமன்மார் கனவுநிலையிலே இவற்றைக் கண்டனர். உடல் குறித்த சில நிலைகளில் அசையும்போது அறிவு விரிவடைவதையும் சோர்வு நீங்குவதையும் உணர்ந்து, அவற்றை மறைபொருளாகப் பேணினர். 27 தலைமுறைகளாகக் குருவிடமிருந்து சீடனுக்கு வந்த அச்செல்வம் முதன்முறையாக இப்பொழுதுதான் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றது. ஷாமன் என்னும் சொல் சைபீரியாவின் தூங்கூஸ் மக்களுடையது. தெய்வமேறி ஆடுவோர், பிணி தீர்க்கும் பூசாரிகள் முதலியோரைக் குறிக்க அச்சொல்லையே மானிடவியலார் உலகெங்கும் ஆளத் தொடங்கிவிட்டனர்.

இவ்வப்பியாசங்களுக்கு ‘டென்செக்ரிற்றி’ என்று பெயரிடப்பட்டது. இப்பெயரில் பழமை சிறிதும் இல்லை. அது பக்மின்ஸ்டர் புல்லர் என்னும் அமெரிக்கச் சிற்பியல் அறிஞர் ஆக்கிய சொல். ஒன்றையொன்று தொடாத கோல்கள், அவற்றை இணைக்கும் கம்பிகளின் இழுவிசையினாலேயே நிலைபெற்று நிற்கும் கட்டமைப்பை அவர் அச்சொல்லாற் குறித்தார். உடலின் தசைநாண்களை இறுக்கியும் தளர்த்தியும் செய்யும் பயிற்சிக்கு அது பொருத்தமான பெயர்தான். அசைவுகளுக்குப் பின்னிருந்த தத்துவமோ வேறு. மனிதன் உண்மையில் ஒளிமயமான ஒரு முட்டை வடிவினன். தோள்பட்டைகளுக்குப் பின்னே ஒரு கை நீளத் தூரத்தில் அவனுடைய உணர்வு ஒன்றுகூடும் புள்ளி உளது. அப்புள்ளி இடம் பெயருமாயின் அவன் வேறோர் உலகைக் காண்பான். கவலையினாலும் பழக்கத்தினாலும் அவனது ஆற்றல் முட்டையின் ஓரங்களுக்குச் சிதறிப்போய்க் கிடக்கின்றது. அசைவுகள் அதனை மீண்டும் ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் முதலிய ஆறு நிலையங்களுக்குக் கொணர்ந்து சேர்க்கும். மூலாதாரம் முதலாக ஆறு ஆதாரங்களைக் கூறும் யோக நூல்களைக் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இந்த ஆறு என்னும் எண் புதுமையாயிராது.

இவற்றைப் போதித்தவர் கார்லொஸ் கஸ்தனேடா. லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்றவர். 1960ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், மெக்சிக்கோ எல்லையை அடுத்த அரிசோனாவின் ஒரு பஸ் நிலையத்தில், டொன் ஹுவான் மற்றூஸ் என்னும் யாக்கி இன முதியவரைச் சந்தித்ததாகவும், அவரிடம் பல்லாண்டு சீடராயிருந்ததாகவும் அவர் எழுதினார். 1968இல் ‘டொன் ஹுவானின் போதனைகள்’ என்னும் அவரது முதல் நூலைப் பல்கலைக்கழக அச்சகமே வெளியிட்டது. வியற்நாம் யுத்தத்தினால் மனங் கசந்திருந்த ஓர் இளந்தலைமுறை அதனை வேதம்போல ஏந்திக்கொண்டது. அடுத்தடுத்து நூல்கள் வந்தன. பல மொழிகளிற் பரந்தன. 1973இல் அவற்றுள் ஒன்றன் கையெழுத்துப் படியை அடிப்படையாகக் கொண்டே அவருக்குக் கலாநிதிப் பட்டமும் கிடைத்தது.

அதே 1973ஆம் ஆண்டு மார்ச் 5ஆந் திகதி ‘டைம்’ சஞ்சிகை அவரை முகப்பில் இட்டது. முகப்பில் இட்டதோடு நில்லாது அவருடைய வரலாற்றையும் துருவி ஆராய்ந்தது. 1935இல் பிரேசிலிற் பிறந்ததாகக் கூறிவந்தவர், 1925இல் பெரு நாட்டின் கஹமார்க்கா என்னும் ஊரிற் பிறந்தவர் எனக் குடிவரவுப் பதிவேடுகள் காட்டின. ஒரு மனிதன் தன் வயதையும் ஊரையும் மறைப்பது பெருங் குற்றமன்று. ஆனால் ஆய்வாளன் ஒருவன் தன் ஆசிரியனை யாருக்குங் காட்டாததும், களக்குறிப்புகளை யார்முன்னும் வைக்காததும் வேறு விடயம். 1976இல் றிச்சட் டி மில் என்பவர் நூல்களை அருகருகே வைத்து நாள்களைக் கணக்கிட்டார். பிந்திய நூலிற் சொல்லப்படும் முந்திய ஆண்டுப் பாடங்கள் உண்மையாயின், முதல் நூல்களில் வரும் சீடனுடைய அறியாமைக்கு இடமே இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். டொன் ஹுவானின் பேச்சிலே யாக்கி மொழிச் சொற்கள் காணப்படாமையையும் ஆய்வாளர் கவனித்தனர். யாக்கி மக்களிடையே வாழ்ந்து அவர்களை நெடுங்காலம் ஆராய்ந்த எட்வட் ஸ்பைசரோ 1969இலேயே, இந்நூலின் போதனைக்கும் யாக்கிப் பண்பாட்டுக்கும் தொடர்பு காண்பது அரிது என்று கருத்துத் தெரிவித்திருந்தார்.

இன்று மானிடவியலாருட் பெரும்பாலார் டொன் ஹுவானை ஒரு கற்பனைப் பாத்திரமென்றே கொள்வர். கற்பனை என்பது இழிவன்று. வேடர்குலத்து ஏகலைவன், துரோணர் தன்னை மாணாக்கனாக ஏற்காதபோது, அவருடைய மண்பாவை ஒன்றைச் செய்து நிறுத்தி அதன்முன் வில் பயின்றான். பயின்ற வித்தை மெய்யான வித்தையாகவே இருந்தது. ஆயினும் தன்முன் நின்றது மண் என்பதை அவன் எவரிடமும் மறைக்கவில்லை. அம்மண்ணுக்கு 27 தலைமுறை வமிசாவளி எழுதவுமில்லை.

அப்படியாயின் அவ்வசைவுகளால் ஒரு பயனும் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவற்றைச் செய்தோர் பலர் தெம்பு பெற்றதாகவும் மனம் தெளிந்ததாகவும் கூறியுள்ளனர். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கருத வேண்டியதில்லை. தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் நுண்ணிய உணர்முனைகள் உள்ளன. கண்ணை மூடிக்கொண்டே மூக்கைத் தொட நம்மால் முடிவது அவற்றினால்தான். இவ்வுணர்வுக்கு 1906இல் பெயரிட்டவர், பின்னர் 1932இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கில உடற்றொழிலியலாளர் செரிங்டன். நாள் முழுவதும் நாம் இவ்வுணர்வைப் பொருட்படுத்துவதில்லை. மெதுவாகவும் கருத்தூன்றியும் கையை அசைக்கும்போது அது மனத்தின் முன்னரங்கிற்கு வருகின்றது. உடல் முன்னிலும் பெரிதாக, உயிர்ப்புடையதாகத் தோன்றுகின்றது. தசையை வேண்டுமென்றே இறுக்கிப் பின் தளர்த்தினால் பதற்றம் தணியும் என்பதைச் சிக்காகோவின் எட்மன்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாகவே எழுதினார். மருத்துவர் இன்றும் அம்முறையைக் கையாள்கின்றனர். மூச்சை நீட்டி மெல்ல வெளிவிடுவோமாயின் நெஞ்சத் துடிப்பும் மெல்லத் தணிகின்றது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, நூறு பேர் ஒருங்கே ஓர் அசைவை அசையும்போது உண்டாகும் எழுச்சி ஒன்றுண்டு. தேரின் வடம் பிடித்தவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அசைவு தன் வேலையைச் செய்தது. ஒளிமுட்டை இல்லாமலே செய்திருக்கும். சீன நாட்டுத் தற்காப்புப் பயிற்சிகளின் சாயலை இவ்வசைவுகளிற் கண்டவர்களும் உளர். ‘பல இடங்களிற் கற்றவற்றைக் கொண்டு சில அப்பியாசங்களை அமைத்துள்ளேன், செய்து பாருங்கள்’ என்று கஸ்தனேடா சொல்லியிருந்தால் எவருக்கும் அவரோடு வழக்கில்லை. ஆனால் அவ்வாறு சொன்ன மனிதனிடம், உன் குடும்பத்தை விட்டு வா என்றால் யார் வருவார்? அதற்குப் பழைய மெக்சிக்கோ வேண்டியிருந்தது.

வருத்தத்துக்குரிய பகுதி இதுவே. அப்பியாசங்களோடு இணைந்ததாக ‘மீள்நினைவு’ என்னும் பயிற்சி ஒன்று இருந்தது. தலையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மெல்லத் திருப்பி, அத்திருப்பத்தோடு மூச்சையும் இசைத்து, வாழ்நாளிற் சந்தித்த ஒவ்வொருவரையும் ஒருவர்பின் ஒருவராக நினைவுக்குக் கொணர்ந்து, அவர்களிடம் சிக்கிய ஆற்றலை மீட்டெடுத்தல் வேண்டும். நினைவைத் துப்புரவாக்கும் பயிற்சி என்ற அளவில் இது தீயதன்று. நெருங்கிய வட்டத்தில் இருந்தவர்களுக்கோ இது நினைவோடு முடியவில்லை. தாய் தந்தையரையும் நண்பரையும் அடியோடு துறத்தலும் பெயரை மாற்றிக்கொள்ளலும் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டன. அவ்வட்டத்துள் வாழ்ந்து வெளியேறிய எமி வொலஸ் என்னும் எழுத்தாளர், நாவலாசிரியர் ஏர்விங் வொலசின் மகள், அந்த வாழ்வை 2003இல் ஒரு நூலாக எழுதினார். அதனைப் படிப்பவர், சுதந்திரத்தைத் தேடிப் போனவர்கள் ஒரு மனிதனுடைய முகக்குறிப்புக்கு அஞ்சி நடுங்கிய விந்தையைக் காண்பர்.

உண்மை ஞானி ஏனையோர்போல இறப்பதில்லை, உள்ளிருந்து எழும் தீயில் ஒளியாகி உடலோடு மறைவான் என்று கஸ்தனேடா போதித்திருந்தார். 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆந் திகதி அவர் ஈரற் புற்றுநோயால் லொஸ் ஏஞ்சல்சிலே தம் இல்லத்திற் காலமானார். இரண்டு மாதம்வரை அச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்படவில்லை. இதற்கிடையில் அவருக்கு மிக அணுக்கமாயிருந்த ஐந்து பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அவர்களுள் ஒருவருடைய கார் கலிபோர்னியாவின் சாவுப் பள்ளத்தாக்கு என்னும் பாலைவனத்திற் கைவிடப்பட்டுக் கிடந்தது. 2003இல் அப்பாலையின் மணலில் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. 2006இல் மரபணுச் சோதனை அவை அவருடையவையே என உறுதி செய்தது. மற்றை நால்வரைப் பற்றி நிச்சயமான செய்தி எதுவும் கிட்டவில்லை. அவர்களுடைய உறவினர் நெடுங்காலம் வாசலைப் பார்த்திருந்தார்கள். அப்பியாச வகுப்புகள் கஸ்தனேடா மறைந்தபின்பும் நடைபெற்றன.

இவ்வளவு பேசியும் யாக்கி மக்களைப் பற்றி இன்னும் பேசவில்லை. கஸ்தனேடாவின் நூல்களைப் படித்த இலட்சக்கணக்கானோரும் பெரும்பாலும் அவ்வாறே இருந்துவிட்டனர். வடமேற்கு மெக்சிக்கோவின் சொனோரா மாநிலத்தில், தம் பெயரையே தாங்கிய ஆற்றின் கரையில் எட்டு ஊர்களாக வாழ்ந்த உழவர்கள் அவர்கள். தம் நிலத்தை விடமாட்டோம் என்று தலைமுறை தலைமுறையாகப் போரிட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்பீரியோ டீயாசின் அரசு அவர்களை ஆயிரக்கணக்கிற் பிடித்துத் தொலைதூரத்து யூக்கற்றான் கற்றாழைத் தோட்டங்களுக்கு நாடுகடத்தியது. தப்பியோர் எல்லை தாண்டி அரிசோனாவில் அடைக்கலம் புகுந்தனர். 1978இலேதான் ஐக்கிய அமெரிக்க அரசு அவர்களை ஒரு பழங்குடியினராக ஏற்றுக்கொண்டது. அம்மக்களின் மான் ஆட்டக்காரனுடைய உருவம் இன்று சொனோரா மாநில இலச்சினையிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது; அரசுகளின் நன்றியுணர்வு இப்படித்தான் காலந்தாழ்த்தி வரும்.

டொன் ஹுவானைத் தேடி யாக்கி ஊர்களுக்கு வெள்ளை இளைஞர் போயினர். அங்கே டொன் ஹுவான் இல்லை. மான் ஆட்டமோ இருந்தது. ஆடுபவன் தலையில் வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் மெய்யான மானின் தலையைப் பொருத்தியிருப்பான். கொம்புகளில் மலரோ நாடாவோ சூட்டப்பட்டிருக்கும். இரு கைகளிலும் சுரைக்குடுக்கைக் கிலுக்குகள். இடையில் மானின் குளம்புகள் கோத்த கச்சை. கால்களிற் பட்டுப்பூச்சிக் கூடுகளுள் சிறு கற்களை இட்டுக் கோத்த சதங்கை. நீரில் மிதக்கும் அரைச் சுரைக்காயே முழவு. பாடுவோர் மானின் வாய்மொழியாகவே பாடுவர். கீழ்த்திசையில், விடியலுக்கும் கீழே, ‘சேயா அனியா’ எனப்படும் மலருலகம் ஒன்று உண்டென்றும், மான் அங்கிருந்தே வருகின்றதென்றும் அவர்கள் நம்புகின்றனர். இரவு முழுவதும் நிகழும் அவ்வாட்டத்தில் மனிதன் மெல்ல மெல்ல மறைந்து, செவியை உயர்த்தி, மோப்பம் பிடித்து, திடுக்கிட்டுத் திரும்பும் மான் ஒன்றே எஞ்சி நிற்கும். அறிவு விரிதல் என்பது எதுவாயினும், அது ஊரார் முன்னிலையில், ஊராருக்காக, முகத்தை மறைக்காத பாடகர் நடுவே அங்கு நிகழ்கின்றது.

அரிசோனாவின் டூசன் நகரிலுள்ள பஸ்குவா என்னும் யாக்கிக் குடியிருப்பில் ஆண்டுதோறும் உயிர்த்த ஞாயிறுக்கு முன் நாற்பது நாள் நோன்புச் சடங்குகள் நடைபெறும். அவர்கள் கத்தோலிக்கர், மானும் அவர்களை விட்டு நீங்கவில்லை. மற்றச்சீன் என்னும் ஆடவர் குழு அங்கு ஆடும். நோயுற்ற காலத்தில், அல்லது பிள்ளை நோயுற்றபோது பெற்றோர் வைத்த நேர்த்திக்கடனாற் சேர்ந்தவர்கள் அவர்கள். அயலார் வந்து பார்க்கலாம். புகைப்படம் எடுத்தலும், ஒலிப்பதிவு செய்தலும், குறிப்பேட்டில் வரைதலும் கூடாது. பெரிய சனிக்கிழமையன்று முகமூடி அணிந்த தீயோர் படை தேவாலயத்தை நோக்கி மும்முறை பாயும். அதனைத் தடுப்பதற்கு ஊரார் கையில் இருக்கும் ஆயுதம் பூக்கள் மட்டுமே. குழந்தைகள் அள்ளி அள்ளி எறிவார்கள். மணி ஒலிக்கும், மான் ஆட்டக்காரனும் ஆடிக்கொண்டிருப்பான், தோற்ற படையினரின் முகமூடிகள் யூதாசின் உருவத்தோடு எரிந்து சாம்பலாகும்.