குடலின் கதவுகள்



"கொடுத்ததெல்லாம் சாப்பிடுறான், ஆனா உடம்பு தேறலையே" என்று சொல்லாத தாய் நம் தாம்பரம் பக்கத்தில் குறைவு. கேட்டுப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி பேதி வந்திருக்கும். பேதி நின்றதும் நாம் அதை மறந்துவிடுகிறோம். குடல் மறப்பதில்லை.

சிறுகுடலின் உட்சுவரை மூடியிருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள்தான். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இறுக்கமான இணைப்பு உண்டு. அதைக் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்து உள்ளே போக வேண்டும். கிருமி வெளியே நிற்க வேண்டும். தேவைப்படும்போது இந்தக் கதவைத் தளர்த்த நம் உடம்பே ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதன் பெயர் ஸோனுலின்.

இதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியது காலரா. காலராக் கிருமி விடும் நஞ்சுதான் குடலிலிருந்து தண்ணீரை இழுத்துக் கொட்டுகிறது என்று 1959-ல் கல்கத்தாவில் டாக்டர் சம்புநாத் டே காட்டினார். அதே கிருமியில், குடல் செல்களின் இணைப்பைத் தளர்த்தும் இன்னொரு நஞ்சை 1991-ல் அமெரிக்காவில் டாக்டர் ஃபசானோவும் அவருடன் உழைத்தவர்களும் கண்டார்கள். கிருமியின் சாவி நம் பூட்டில் பொருந்துகிறதே, அப்படியானால் நம்மிடமும் ஒரு சாவி இருக்க வேண்டுமே என்று தேடினார்கள். 2000-ல் ஸோனுலின் பற்றி அறிவித்தார்கள்.

கதவு கொஞ்ச நேரம் தளர்ந்து மூடினால் கெடுதல் இல்லை. அசுத்தத் தண்ணீரால் மறுபடியும் மறுபடியும் கிருமி போனால்தான் வம்பு. குடல்சுவர் புண்பட்டுத் தளர்ந்தே கிடக்கும். தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. குழந்தைகளுக்கு இருவகைச் சர்க்கரையைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து இந்தத் தளர்ச்சியை அளக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் 2009-ல் தொடங்கிய எட்டு நாட்டு ஆய்வில் சேர்ந்து இப்படி அளந்தது.

மூளையின் ரத்தக் குழாய்களிலும் இதேபோல் இறுக்கமான இணைப்புகள் உண்டு. ஸோனுலின் அங்கேயும் வேலை செய்கிறதா என்று ஆராய்ச்சி நடக்கிறது. இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஒரு பேதியால் மூளை கெட்டுப்போகாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "குடல் ஒழுகுது, ஸோனுலின் டெஸ்ட் எடுங்க" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொட்டாதீர்கள். விற்பனையில் இருந்த சில பரிசோதனைகள் இந்தப் புரதத்தைச் சரியாக அளக்கவில்லை என்று 2018-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. கோதுமை ஒவ்வாத குடல் நோய்க்காக இந்தக் கதவை இறுக்க ஒரு மருந்தைச் சோதித்தார்கள்; பலன் போதாது என்று 2022-ல் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் நம் கையில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழைநீரும் சாக்கடையும் ஒன்றாகத் தெருவில் நின்றால் சம்ப்புக்குள்ளும் இறங்கும். மழை வடிந்ததும் சம்ப்பைக் கழுவிக் குளோரின் போடுங்கள். லாரித் தண்ணீரோ, போர் தண்ணீரோ, கொதிக்க வைத்து ஆறிய பிறகே குடிக்கக் கொடுங்கள்.

பிறந்தது முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை 6, 10, 14-வது வாரங்களில் தவறாமல் போடுங்கள். மலம் கழித்த பிறகும், சோறு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பேதி கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். பொட்டலத்தில் குறித்த அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியக் கொடுங்கள். அளவை நர்சம்மாவிடம் கேளுங்கள். கண் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வீட்டுக் கதவை ராத்திரி ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துத்தானே படுக்கிறோம்? பிள்ளையின் குடல் கதவைக் காப்பது நீங்கள் கொடுக்கும் ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீர்.