ஒன்பது எழுத்தும் ஒரு சப்பாத்துப் பெட்டியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதித் தரப்பட்டது)



இன்று நான் பேசப்போவது ஒரு விளையாட்டைப் பற்றி. கொடுத்த எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கி, அவற்றிலிருந்து மிக நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. "தமிழ்ப்பள்ளி மேடையில இங்கிலீஷ் என்னத்துக்கு?" என்று பின்வரிசையில் ஒரு தாத்தா முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்க தாத்தா, காரணம் இருக்கு.

1974-ஆம் ஆண்டு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டுப் பட்டணத்தில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த பெரிய சொல் 'எலிஃபன்ட்'. அதற்குமேல் நீளமான சொல்லைக் கண்டால் நிஜ யானையைக் கண்டதுபோல் ஒதுங்கிவிடுவேன். ஒருநாள் டீச்சர் கரும்பலகையில் ஒன்பது எழுத்துகளைக் கலைத்து எழுதினார்: டி, யூ, என், ஈ, சி, ஓ, டீ, ஏ, ஐ. (முதலில் வருவது 'டாக்' நாயின் டி, பின்னால் வருவது 'டைகர்' புலியின் டீ. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ஒன்றுவிடாமல் சேர்த்து ஒரே சொல்லாக்க வேண்டும்.

முன்வரிசைப் பிள்ளைகள் 'எஜுகேஷன்' என்றார்கள். கைதட்டல். என் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலைக் கதவில் சிவப்புச் சாயத்தில் 'காஷன்' என்று எழுதிய பலகை தொங்கும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் பார்ப்பேன். 'எச்சரிக்கை' என்ற பொருள் அப்போது தெரியாது. எழுத்து மட்டும் மனப்பாடம். அந்த ஏழு எழுத்தும் கரும்பலகையில் இருந்தன! மிச்சம் ஈயும் டியும். இறந்தகாலம் காட்ட வினைச்சொல்லின் வாலில் ஒட்டுகிற அதே ஈ-டி.

கையைத் தூக்கி 'காஷன்ட்' என்றேன். வகுப்பே சிரித்தது. "விடை வந்தாச்சு, உட்கார்" என்றார் டீச்சர். நான் உட்காரவில்லை. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ! முன்னே போய், சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே பலகையில் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒன்பதும் போய்விட்டன. டீச்சர் துடைத்த இடத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு 'எஜுகேஷன்' என்பதற்குக் கீழே என் சொல்லையும் எழுதிவிட்டு, "உன் பேரென்ன?" என்று கேட்டார். அப்போது நான் அந்த வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

சில வாரம் கழித்து, மளிகைச் சாமான் கட்டி வந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் ஓர் ஏல விளம்பரம். ஏலத்துக்கு 'ஆக்‌ஷன்' என்று போட்டிருந்தது. எழுத்தை எண்ணினேன். அதே ஏழு! ஈ-டியைச் சேர்த்தால் மூன்றாவது சொல்லும் கிடைத்துவிட்டது. அன்றைக்குச் சோறுகூட இறங்கவில்லை.

மாணவர்களே, இந்த விளையாட்டுக்குக் காசு வேண்டாம். பழைய சப்பாத்துப் பெட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி எழுத்துகளை எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். முதல் வேலை, உயிரெழுத்துகளைத் தனியே எடுத்து வைப்பது. நம் தமிழில் உயிர் மெய்யோடு கலந்துவிடும். 'கா' என்று எழுதினால் அதற்குள் 'ஆ' எங்கே என்று தேடவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் உயிர் தனியே நிற்கும், மெய் தனியே நிற்கும். நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான், அறிவுக் குறைவால் அல்ல. அடுத்து, சொல்லின் வாலைப் பிடியுங்கள்: ஈ-டி, ஐ-என்-ஜி, டீ-ஐ-ஓ-என். தலையில் வரும் யூ-என், ஆர்-ஈ முதலியவற்றையும் பாருங்கள். தலையும் வாலும் கழன்றால் நடுவில் சிறிய சொல்தான் மிஞ்சும். சொல்லாட்டப் பிரியர்கள் அடிக்கடி காட்டும் 'அன்காப்பிரைட்டபிள்' என்ற சொல்லில் 15 எழுத்து. ஓர் எழுத்தும் இரண்டாம் முறை வராது. பயமாக இருக்கிறதா? அன், காப்பி, ரைட், ஏபிள். அவ்வளவுதான்!

இன்னொரு சூட்சுமம். எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள். நான் சொன்ன மூன்று சொல்லுமே ஏ, சி, டி, ஈ, ஐ, என், ஓ, டீ, யூ என்றுதான் வந்து நிற்கும். கணினிக்கும் இதே வழியைச் சொல்லிக்கொடுக்கலாம்.

எந்த எழுத்து அதிகம் வரும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ஸ்கிராபிள் ஆட்டத்தை 1930-களில் உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ், செய்தித்தாளில் எழுத்துகளை உட்கார்ந்து எண்ணினார். ஆங்கில ஆட்டத்தின் 100 காய்களில் ஈ மட்டும் 12. கியூவுக்கும் இசட்டுக்கும் ஆளுக்கொன்றுதான், ஆனால் பத்துப் புள்ளி.

தாத்தா, உங்களை மறக்கவில்லை. எழுத்து விளையாட்டு நமக்குப் புதிதா என்ன? ஓரோர் எழுத்தாகக் கூட்டிச் சொல் வளர்ப்பதை எழுத்து வருத்தனம் என்றும், குறைத்துக்கொண்டே போவதை அக்கரச் சுதகம் என்றும் தண்டியலங்காரம் வகுத்து வைத்திருக்கிறது. பாட்டன் ஆடிய ஆட்டத்தைப் பேரப்பிள்ளைகள் இன்னொரு மொழியிலும் ஆடிப் பார்க்கட்டுமே!

சரி, பரிசுகள் காத்திருக்கின்றன. போகும்முன் ஒரு கணக்கு. எல், ஐ, எஸ், டீ, ஈ, என். இந்த ஆறில் 'லிசன்' இருக்கிறது, 'சைலன்ட்' இருக்கிறது. ஆறு எழுத்துச் சொற்கள் இன்னும் மூன்றாவது உண்டு. விடையைத் தலைமையாசிரியர் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். அதில் இல்லாத சொல் யாருக்காவது கிடைத்தால், உட்காராமல் எழுந்து வந்து என்னிடம் சண்டை போடலாம்.